ஒரு தெருவில் வாசல்... அடுத்த தெருவில் கொல்லை!

குட்டீஸ்! உங்கள் வீட்டு வாசலில் நின்று "அம்மா!" என்று கூப்பிட்டால், கொல்லைப்பக்கம் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும்தானே? ஆனால் தமிழ்நாட்டில் சில வீடுகளில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. வாசல் ஒரு தெருவில் இருக்கும். கொல்லைக் கதவோ அடுத்த தெருவில் இருக்கும்! நடுவில் முற்றங்கள், கூடங்கள், வரிசை வரிசையாக அறைகள், நூற்றுக்கணக்கான தூண்கள்.

இவை ராஜாக்கள் கட்டிய அரண்மனைகள் இல்லை. வியாபாரிகள் கட்டிய வீடுகள். அதுவும் பெரிய நகரத்தில் இல்லை. மழை குறைவாகப் பெய்யும் வறண்ட கிராமங்களில்! சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் 'செட்டிநாடு' என்ற பகுதிதான் அது.

அங்கே போவதற்கு முன், காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போவோமா?

தறிக்காக ஒரு வீடு

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் நடந்தால், "டக்... டக்..." என்று தறிச் சத்தம் கேட்கும். தனியாக ஒரு தொழிற்சாலையிலிருந்து வரும் சத்தம் இல்லை அது. வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது!

பட்டு நெசவாளரின் பழைய வீட்டில் பெரிய இடம் யாருக்குத் தெரியுமா? தறிக்குத்தான்! தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதிப்பலகையை மிதித்தபடி நெய்வார்கள். இதற்குக் 'குழித்தறி' என்று பெயர். வீட்டில் உள்ளவர்கள் மிச்சமிருக்கும் இடத்தில் சமைத்து, சாப்பிட்டு, தூங்கிக்கொள்ள வேண்டும்.

தெருவும் வீட்டைச் சேர்ந்ததுதான். நீளவாக்கில் ஓடும் நூலைப் 'பாவு' என்பார்கள். ஒரு புடவையே ஐந்தரை மீட்டர் நீளம். ஒரே பாவில் இரண்டு, மூன்று புடவைகள் நெய்வார்கள். அவ்வளவு நீளமான பாவை வீட்டுக்குள் விரிக்க முடியுமா? அதனால் காலையிலேயே தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைப்பார்கள்.

அறிஞர் அண்ணா 1909-ல் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லமாக இருக்கிறது. நாட்டை ஆண்ட முதலமைச்சரின் வீடு எவ்வளவு எளிமையானது என்று போய்ப் பாருங்கள்.

ஆக, காஞ்சிபுரத்து வீட்டின் அளவைத் தீர்மானித்தது தறி. அப்படியானால் செட்டிநாட்டு வீட்டின் அளவைத் தீர்மானித்தது எது? கடல்!

காஞ்சியில் இருந்தவர்களாம்!

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். இவர்களுக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஒரு பழைய தொடர்பு சொல்லப்படுகிறது. தங்கள் முன்னோர் முதலில் காஞ்சியில் வாழ்ந்ததாகவும், அங்கிருந்து காவிரிப்பூம்பட்டினத்துக்குப் போனதாகவும், அதன் பிறகு பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறியதாகவும் அவர்களுடைய மரபுக் கதை கூறுகிறது.

பாண்டிய நாட்டில் அவர்களுக்கு ஒன்பது கோயில்கள் அமைந்தன. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகியவை அவை. ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் 96 ஊர்களில் வாழ்ந்தார்கள் என்பார்கள். இன்று சுமார் 75 ஊர்கள் இருக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி எல்லாம் இவற்றில் உள்ளவைதான்.

முதலில் உப்பு வியாபாரம் செய்தார்கள். பிறகு அரிசி, பருத்தி, ரத்தினக் கற்கள் என்று விரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் ஏறிவிட்டார்கள். இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன் என்று போய்த் தொழில் செய்தார்கள். இப்படிப் போவதைக் 'கொண்டு விற்கப் போவது' என்று சொல்வார்கள்.

பெட்டியடிப் பையன்

உங்கள் வயதுப் பையன்கள்கூடக் கப்பல் ஏறினார்கள் என்றால் நம்புவீர்களா?

கடைக்கு வேலை பழக வரும் சிறுவனுக்குப் 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். பெரியவர்கள் கணக்கு எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வட்டிக் கணக்கை மனத்தாலேயே போடப் பழக வேண்டும். கால்குலேட்டர் கிடையாது! கடையைப் பெருக்குவதிலிருந்து கடிதம் எழுதுவது வரை எல்லாம் செய்ய வேண்டும். பல நிறுவனங்கள் ஒரே நீளமான கூடத்தில் வரிசையாகத் தொழில் நடத்தும். அந்தக் கட்டடத்துக்குக் 'கிட்டங்கி' என்று பெயர்.

ஒருமுறை போனால் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள். அதுவரை அம்மா, ஆச்சி, அப்பத்தா எல்லோரும் ஊரில்தான் இருப்பார்கள். அந்தப் பெரிய வீடுகளை உண்மையில் நடத்தியவர்கள் இந்தப் பெண்கள்தான்!

அவ்வளவு பணம் எப்படி வந்தது? 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பர்மா அரிசிக்கு உலகம் முழுவதும் கிராக்கி. காட்டைத் திருத்தி நெல் பயிரிட பர்மிய விவசாயிகளுக்குப் பணம் தேவைப்பட்டது. அந்தக் கடனை நகரத்தார் கொடுத்தார்கள். நெல் பெருகியது, வட்டியும் பெருகியது. அந்த வருமானம் கப்பலேறி வந்து, செட்டிநாட்டில் வீடுகளாக எழுந்தது.

வீட்டுக்குள் போவோமா?

பெரும்பாலான வீடுகள் 1850-க்கும் 1940-களுக்கும் இடையில் கட்டப்பட்டவை. வாங்க, ஒரு வீட்டுக்குள் நுழைவோம்.

தெருவிலிருந்து படியேற வேண்டும். வீடு உயரமான மேடையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த நினைவால்தான் இப்படி உயர்த்திக் கட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

மேலே பாருங்கள். மாடிச் சுவரில் சுதைச் சிற்பங்கள். லட்சுமி இருக்கிறாள், மயில் இருக்கிறது. சில வீடுகளில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கூட நிற்கிறார்!

அடுத்து முகப்பும் திண்ணையும். வந்தவர்களை உட்காரவைத்துப் பேசும் இடம் இது. அதைத் தாண்டினால் பெரிய நிலைக்கதவு. நிலைக்கு மேலே கஜலட்சுமி, யாளி, கொடி, பூ என்று மரச்செதுக்கு. வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

உள்ளே போனால் வானம்! ஆமாம், நடுவில் கூரையில்லாத முற்றம். சுற்றிலும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். அதை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. ஆனால் அது தூங்குவதற்கு இல்லை. மனைவி கொண்டுவந்த சீர்ப் பொருள்கள், பித்தளைப் பாத்திரங்கள், நகை, பட்டு எல்லாம் வைத்துப் பூட்டத்தான். தூக்கம் கூடத்தில்தான்!

இரண்டாம் கட்டில் பந்திப் பாய் விரித்துச் சாப்பாடு. மூன்றாம் கட்டில் சமையல், அம்மி, உரல், ஆட்டுக்கல். மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலம் ஆனதும், அவனுடைய குடும்பத்துக்குத் தனி அடுப்பு கொடுத்துவிடுவார்கள். இதை 'வேறு வைப்பது' என்பார்கள். ஒரே வீடு, ஒரே கதவு. ஆனால் அடுப்பு தனி, செலவுக் கணக்கு தனி! சண்டை வராமல் சேர்ந்திருக்க என்ன அருமையான யோசனை!

கடைசியில் கொல்லைக் கதவு. திறந்தால் அடுத்த தெரு!

மின்விசிறி இல்லாத குளுமை

செட்டிநாட்டு வெயில் சுட்டெரிக்கும். ஆனாலும் வீட்டுக்குள் குளுமை. எப்படி?

சூடான காற்று லேசானது. அது மேலே எழும். முற்றம் திறந்திருப்பதால் வீட்டிலுள்ள சூடான காற்று அதன் வழியே வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, நிழலில் இருக்கும் குளிர்ந்த காற்று ஜன்னல், கதவு வழியாக உள்ளே வருகிறது. முன்வாசலும் பின்வாசலும் நேர்கோட்டில் இருப்பதால் காற்று தங்குதடையின்றி ஓடுகிறது. தடிமனான சுவர் வெயிலின் சூட்டை உள்ளே விடுவதில்லை.

மழை பெய்தால் இன்னொரு வேடிக்கை! ஓட்டுக் கூரை நான்கு பக்கமும் முற்றத்தை நோக்கிச் சரிகிறது. அதனால் மழைநீர் முற்றத்தில் வந்து விழும். மூலைகளில் அண்டாக்களை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மிச்ச நீர் கிணற்றுக்கும், ஊர் நடுவில் உள்ள ஊருணிக்கும் போய்ச் சேரும். மழைநீர் சேகரிப்பை நாம் இப்போது பாடத்தில் படிக்கிறோம். அவர்கள் வீட்டிலேயே கட்டி வைத்துவிட்டார்கள்!

முட்டை பூசிய சுவர்

சுவரைத் தொட்டுப் பாருங்கள். பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். ஆனால் அது பளிங்கு இல்லை, பூச்சு!

கிளிஞ்சல் சுண்ணாம்பு, நயமான மணல், கருப்பட்டி, கடுக்காய், முட்டையின் வெள்ளைக் கரு. இவைதான் அந்தக் கலவை. அரைத்து, புளிக்கவைத்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பல அடுக்கு பூசி, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். நூறு ஆண்டுகள் கடந்தும் பல சுவர்கள் இன்னும் பளபளக்கின்றன. வெள்ளை அடிக்க வேண்டிய வேலையே இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும்!

தூண்கள் பர்மாத் தேக்கு. சில தூண்கள் இங்கிலாந்திலிருந்து வந்த வார்ப்பிரும்பு. தரையில் இத்தாலிப் பளிங்கு. சுவரில் ஜப்பான் ஓடுகள். கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. உலக வரைபடத்தை விரித்து வைத்து வீடு கட்டியதுபோல் இல்லையா?

ஆனால் உள்ளூர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஆத்தங்குடியில் தாங்களே தரைக்கல் செய்ய ஆரம்பித்தார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சில் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றுவார்கள். அதன்மேல் மணலும் சிமென்டும் நிரப்பி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். கண்ணாடியிலிருந்து எடுத்தால் கல்லும் கண்ணாடி மாதிரியே மின்னும்! சூளையில் சுடுவதே இல்லை. ஆத்தங்குடிக் கல் இன்றும் கையால்தான் செய்யப்படுகிறது.

கடலில் வந்தது, கடலோடு போனது

இவ்வளவு பெரிய வீடுகள் ஏன் இன்று பூட்டிக் கிடக்கின்றன?

1930-ஐ ஒட்டி உலகம் முழுவதும் பெரிய பொருளாதார வீழ்ச்சி. அரிசி விலை சரிந்தது. பர்மிய விவசாயிகளால் கடனைத் திருப்பித் தர முடியவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் கைமாறியது. 1930-களின் முடிவில், கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு விளைநிலம் நகரத்தாரிடம் வந்துவிட்டது.

இதில் நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு, குட்டீஸ். தான் உழுத நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! அவர்களுடைய கோபமும் வளர்ந்தது. ஓர் அழகான வீட்டைப் பார்க்கும்போது, அதைக் கட்டிய கொத்தனாரையும் தச்சரையும் நினைப்பதுபோல, அதற்குப் பணம் வந்த வயலையும் நினைக்கத்தான் வேண்டும்.

பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிருக்குப் பயந்து வெளியேறினார்கள். காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தவர்கள் ஏராளம். வழியிலேயே இறந்தவர்களும் ஏராளம். 1948-ல் பர்மா சுதந்திரம் அடைந்தது. 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, தொழில்களையும் வங்கிகளையும் அரசுடைமை ஆக்கியது. பல குடும்பங்களுக்கு அங்கிருந்த சொத்து எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

பணம் வந்த வழி அடைபட்டது. பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, மதுரை, வெளிநாடு என்று போனார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி மட்டும் மிஞ்சினார்.

64 சொந்தக்காரர்கள்!

ஒரு கணக்கு போடுவோமா? ஒருவர் வீடு கட்டுகிறார். அவருக்கு நான்கு மகன்கள். ஒவ்வொரு மகனுக்கும் நான்கு மகன்கள் என்றால் 16 பேர். அடுத்த தலைமுறையில் 64 பேர். இந்த 64 பேருக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு!

இப்போது கூரையில் ஓடு உடைந்து ஒழுகுகிறது. யார் செலவு செய்வது? விற்பதா, வைத்துக்கொள்வதா? 64 பேரும் ஒரே மனதாக முடிவு செய்ய வேண்டும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். முடிவு வருவதற்குள் மழை இரண்டு பருவம் பெய்துவிடும். ஒழுகும் நீர் உத்தரத்தில் இறங்கும். கரையான் ஏறும். சுவர் விரியும்.

கடைசியில் இடித்துவிடுகிறார்கள். தேக்குத் தூண் தனியாக, நிலைக்கதவு தனியாக, ஜன்னல் தனியாக விற்பனைக்கு வருகிறது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் நிறைந்த தெருவே இருக்கிறது. அங்கிருந்து வாங்கப்பட்ட தூண்கள் நகரத்து ஓட்டல்களில் அலங்காரத்துக்கு நிற்கின்றன. தூண் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தாங்கிய வீடு இப்போது எங்கும் இல்லை.

காப்பாற்ற என்ன வழி?

இந்தப் பிரச்னை நமக்கு மட்டும் இல்லை. இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் பெரிய பெரிய பழைய மாளிகைகள் உண்டு. பராமரிக்க முடியாமல் 20-ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்தார்கள். 1895-ல் தொடங்கப்பட்ட 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அமைப்பு, 1937 முதல் ஒரு வழி கண்டது. வீட்டை அமைப்புக்குக் கொடுத்துவிட்டு, உரியவர்கள் அதிலேயே குடியிருக்கலாம்; மக்கள் வந்து பார்க்கலாம்.

ஸ்வீடன் நாட்டில் 1891-ல் ஆர்தர் ஹாசிலியஸ் என்பவர் வேறொன்று செய்தார். அழிய இருந்த பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து, ஸ்டாக்ஹோம் நகரில் மறுபடி கட்டினார். 'ஸ்கான்சன்' என்ற அந்தத் திறந்தவெளி அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது.

அதேபோல் நம்மிடமும் ஓர் இடம் உண்டு! சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள 'தக்ஷிணசித்ரா'. 1996-ல் திறக்கப்பட்டது. தென்மாநிலங்களின் 18 பழைய வீடுகள் இங்கே மறுபடி எழுந்து நிற்கின்றன. இடிக்கப்பட இருந்த வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, லாரியில் ஏற்றி வந்து, கைதேர்ந்த தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்துக் கட்டினார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடும் இங்கே இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் இருக்கிறது! இரண்டிலும் நடந்து பார்த்தால், தறி கட்டிய வீட்டுக்கும் கடல் கட்டிய வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கே புரியும்.

செட்டிநாட்டிலேயே சில குடும்பங்கள் வீட்டைப் பழுதுபார்த்து, தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். சில வீடுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். சினிமா படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அந்த வருமானத்தில் ஓடு மாற்றுகிறார்கள். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம் பெற்றன. ஆனால் பட்டியலில் பெயர் வந்தால் மட்டும் ஒழுகல் நிற்காது. கூரைமேல் ஏறி ஓடு மாற்ற ஆள் வேண்டும். முட்டைப் பூச்சு பூசத் தெரிந்த கொத்தனார் வேண்டும். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வேண்டும். வேலை தெரிந்தவர்கள் இருக்கும் வரைதான் வீடும் இருக்கும்.

தெரிந்துகொள்ளுங்கள்!

* காரைக்குடியில் 'ஆயிரம் ஜன்னல் வீடு' என்று ஒரு வீடு உண்டு. அடையாளம் சொல்லி வழி கேட்கும் அளவுக்குப் பிரபலம்!

* கானாடுகாத்தானில் உள்ள செட்டிநாடு அரண்மனை, ராஜா சர் அண்ணாமலை செட்டியார் குடும்பத்துடையது. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இவர்தான்.

* முட்டுக்காடு 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது.

நீங்களும் செய்யலாம்!

உங்கள் தாத்தா, பாட்டி பிறந்த வீடு எப்படி இருந்தது என்று கேளுங்கள். திண்ணை இருந்ததா? முற்றம் இருந்ததா? தறி எங்கே இருந்தது, மாடு எங்கே கட்டினார்கள், நெல் எங்கே கொட்டினார்கள் என்று கேட்டு, ஒரு தாளில் படமாக வரையுங்கள். ஒவ்வோர் அறைக்கும் அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள். தாத்தா, பாட்டியிடமே காட்டித் திருத்தி வாங்குங்கள்.

அந்த வீடு இன்று இடிந்து போயிருக்கலாம். பரவாயில்லை. நீங்கள் வரைந்த தாளில் தேதி போட்டு, பத்திரமாக எடுத்து வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் கேட்டால் காட்ட வேண்டாமா?